விதி இலவசம், உழைப்பு யாருடையது?

நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் ஓர் உலகத்தை விவரிக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதைமாந்தராக மாறி, அந்த உலகில் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறார்கள். முடிவு தெரியாத இடத்தில் பகடை உருள்கிறது. பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டின் சாரம் இவ்வளவுதான். பலகை கட்டாயமில்லை, காய்கள் கட்டாயமில்லை, மின்சாரம்கூடத் தேவையில்லை. பொழுதுபோக்குகளில் செலவு குறைந்தவற்றுள் இதுவும் ஒன்று என்று ஆர்வலர்கள் சொல்வதில் வியப்பில்லை. ஆட்டத்துக்கு வேண்டிய விதிநூலும் முழுக்கச் சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, காசே இல்லாமல் ஆடலாம் என்ற பேச்சும் வலுத்துவிட்டது. பணத்தைப் பொறுத்தவரை இந்தப் பேச்சு உண்மை. ஆனால் ஓர் ஆட்டத்துக்குப் பணம் மட்டும் செலவாவதில்லை. படிப்பது, தயாரிப்பது, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது, நடத்துவது என்று நேரமும் உழைப்பும் செலவாகின்றன. இலவச விதிநூல்களில் ஒரு வகை, பணச்செலவைக் குறைத்துவிட்டு அந்த உழைப்புச் செலவை ஒரே ஒருவர் தலையில் கட்டிவிடுகிறது. இன்னொரு வகை அந்த உழைப்பையும் சேர்த்துக் குறைக்கிறது. இரண்டும் ‘இலவசம்’ என்ற ஒரே பெயரில் புழங்குவதால்தான், முதல் வகையை எடுத்துத் தொடங்கும் பல குழுக்கள் இரண்டு மூன்று அமர்வுகளிலேயே நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது.

இந்தச் சுமை எப்போதுமே சமமாகப் பிரிந்திருக்கவில்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர். 1977க்கும் 1979க்கும் இடையில் அதன் விரிவான வடிவம் கெட்டி அட்டை போட்ட மூன்று பெரிய நூல்களாக வந்தது. ஒன்று அரக்கர்களுக்கு, ஒன்று ஆடுபவர்களுக்கு, ஒன்று ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருக்கு. இந்த மூன்று நூல் வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. 2014இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது ஒவ்வொரு நூலுக்கும் 49.95 டாலர் விலை வைத்தார்கள். மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய 150 டாலர், அதாவது இன்றைய மாற்று மதிப்பில் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். ஆடுபவர் ஒரு நூலோடு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது பக்கத்தில் இருப்பவரின் நூலைப் புரட்டிச் சமாளிக்கலாம். மூன்றும் வேண்டியிருப்பது மாஸ்டருக்குத்தான். அவரே பணம் போட்டு வாங்குவார், அவரே படிப்பார், அவரே சொல்லியும் கொடுப்பார். இலவச விதிகள் இந்த மூன்றில் முதலாவதை மட்டுமே உறுதியாக நீக்குகின்றன. மற்ற இரண்டையும் நீக்குகின்றனவா என்பதில்தான் அவற்றின் தரம் இருக்கிறது.

விதிகள் இலவசமாவதற்குச் சட்டத்திலேயே ஓர் இடைவெளி உண்டு. பதிப்புரிமை ஒரு கருத்தைச் சொன்ன விதத்தைக் காக்கும், கருத்தைக் காக்காது. கணக்கு வைக்கும் ஒரு முறையை விளக்கி எழுதியவருக்கு அந்தப் புத்தகத்தின் மீதுதான் உரிமை, அந்த முறையின் மீது இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1879இலேயே தீர்ப்பளித்துவிட்டது. பேக்கர் எதிர் செல்டன் என்ற அந்த வழக்கின் தர்க்கம் விளையாட்டுக்கும் பொருந்தும். இருபது முகப் பகடையை உருட்டி, ஒரு திறனெண்ணைக் கூட்டி, இலக்கைத் தாண்டினால் வெற்றி என்ற நடைமுறையை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. அதை விளக்கும் வாக்கியங்களும் ஓவியங்களும் கற்பனைப் பெயர்களும் மட்டுமே சொத்து. ஆனால் நடைமுறை எங்கே முடிகிறது, சொல்முறை எங்கே தொடங்குகிறது என்று கோடு போடுவது எளிதல்ல. வழக்காடும் வசதி இல்லாத சிறு பதிப்பாளருக்குச் சட்டம் தன் பக்கம் இருப்பது மட்டும் போதாது. பெரிய நிறுவனம் வழக்குப் போடாது என்ற எழுத்துறுதியும் அவருக்கு வேண்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை அப்போது வெளியிட்டுவந்த விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2000ஆம் ஆண்டு அதன் மூன்றாம் பதிப்போடு வெளியிட்ட ‘ஓப்பன் கேம் லைசென்ஸ்’ அந்த உறுதியைத் தந்தது.

அந்த உரிமத்தைக் கொடை என்று நினைத்துக்கொள்பவர்கள் அதன் கணக்கைப் பார்க்க வேண்டும். அதற்காக நிறுவனத்துக்குள் வாதாடிய ரயன் டான்சி கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை முன்னுதாரணமாகக் காட்டினார். ஒரே விதிமுறை தெரிந்தவர்கள் பெருகப் பெருக அந்த விதிமுறையின் மூலநூல் அதிகம் விற்கும் என்பது அவர் வாதம். லாபம் குறைந்த சாகசக் கதைகளை மற்றப் பதிப்பாளர்கள் அச்சிடட்டும், அவற்றை வாங்குபவர்கள் எல்லோரும் மூலநூலுக்காக நம்மிடம்தான் வருவார்கள் என்பது அதன் உட்பொருள். இந்தக் கணக்குக்கு ஏற்றபடியே, அந்த உரிமத்தின் கீழ் தந்த விதித்தொகுப்பையும் வெட்டினார்கள். அப்போது வெளியான இலவசத் தொகுப்பில் கதைமாந்தரை உருவாக்கும் முறையும், அனுபவப் புள்ளிகளால் அவர் வளரும் முறையும் இல்லை. அதே காலத்தில் வந்த வணிகச்சின்ன உரிமமோ, இந்த இரண்டையும் தங்கள் நூல்களில் எழுதக் கூடாது என்று மற்றப் பதிப்பாளர்களுக்கு வெளிப்படையாகவே தடை போட்டது. ஆட்டத்தைத் தொடங்கவும் தொடரவும் எது அவசியமோ அதுவே விடுபட்டிருந்தது. பதிப்பாளருக்கு அந்த விதிகள் பயன்பட்டன. மேசையைச் சுற்றி உட்கார நினைத்தவருக்கு அவை கடையின் வாசல் வரைதான் வழி காட்டின.

இதற்கு இணையாக இன்னொரு மரபும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டெஃபான் ஓசல்லிவன் 1992இல் இணைய விவாதக் குழுக்களின் உதவியோடு ‘ஃபட்ஜ்’ என்ற விதிமுறையை உருவாக்கி இலவசமாகவே பரப்பினார். அதிலிருந்து கிளைத்ததுதான் பின்னாளில் புகழ்பெற்ற ‘ஃபேட்’. 2006இல் வந்த ‘ஆஸ்ரிக்’, 1970களின் பழைய டன்ஜன்ஸ் விதிகளைப் புதிய சொற்களில் எழுதி, திறந்த உரிமத்தின் துணையோடு இலவசமாக வெளியிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் கிறிஸ் கானர்மன் தொடங்கிய ‘பேசிக் ஃபேன்டசி’, தன்னார்வலர்கள் கூடி வளர்க்கும் திட்டமாகவே ஆகிவிட்டது. அதன் மின்னூல் இலவசம், அச்சுநூல் ஏறக்குறைய அச்சுச் செலவுக்கே கிடைக்கிறது. 2018இல் ஷான் டாம்கின் ‘அயர்ன்ஸ்வோர்ன்’ நூலை முழுமையாக இலவசமாகத் தந்தார். 2020இல் யோஹாய் கால் வெளியிட்ட ‘கெய்ர்ன்’, சில பத்துப் பக்கங்களுக்குள் அடங்கும் சிறு நூல். இவற்றில் எதுவும் பெரிய நூலொன்றின் வெட்டப்பட்ட துண்டு இல்லை. ஆடுவதற்கென்றே எழுதப்பட்ட முழு ஆட்டங்கள் இவை. துண்டு இலவசத்துக்கும் முழு இலவசத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டுதான் சிக்கனமாக ஆடும் வழக்கத்தை எடைபோட முடியும்.

முதலில் துண்டு இலவசம். ஐந்தாம் பதிப்பின் இலவச விதித்தொகுப்பு 5.1ஐ எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 400 பக்கம், பன்னிரண்டு கதைமாந்தர் வகுப்புகள், நூற்றுக்கணக்கான மந்திரங்கள், நூற்றுக்கணக்கான அரக்கர்கள். 2000ஆம் ஆண்டின் தொகுப்போடு ஒப்பிட்டால் தாராளம்தான். இருந்தும் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே ஓர் உட்பிரிவு, எல்லாக் கதைமாந்தர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு பின்னணி, ஒரே ஒரு சிறப்புத் திறமை. விருப்பம்போல் மாந்தரைச் செதுக்கலாம் என்பதுதான் இந்த ஆட்டத்தின் முதல் கவர்ச்சி. அந்தத் தேர்வுகளை ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டாகச் சுருக்கிவிட்டார்கள். நிறுவனத்தின் சொத்தாகக் கருதப்படும் பிஹோல்டர் போன்ற புகழ்பெற்ற அரக்கர்களும் இல்லை. இவை சிறு குறைகள், பொறுத்துக்கொள்ளலாம். பெரிய குறை, இத்தனை பக்கங்களில் முதல் நாள் மேசையில் உட்கார்ந்ததும் என்ன செய்வது என்று சொல்லும் பக்கம் இல்லாததுதான். ஆடிப்பார்க்க ஒரு சாகசம்கூட இல்லை. அகராதியை மட்டும் கையில் கொடுத்து ஒரு மொழியைப் பேசிப்பார் என்பதைப் போன்றது இது. ஏற்கெனவே பேசத் தெரிந்தவருக்கு அகராதி பெருந்துணை, புதிதாக வருபவருக்கு அது ஒரு சுவர்.

புதியவருக்கு என்ன தேவை என்பதை அதே நிறுவனம் நன்றாகவே அறிந்திருந்தது. 2014இல் 20 டாலருக்குச் சற்றுக் குறைவாக அது விற்ற தொடக்கப் பெட்டியே அதற்குச் சான்று. அதில் விதிகளுக்கு 32 பக்கம், ஃபேண்டல்வர் சுரங்கம் பற்றிய சாகசத்துக்கு 64 பக்கம். கூடவே தயாராக எழுதிவைத்த ஐந்து கதைமாந்தர் தாள்கள், ஆறு பகடைகள். விதியைப் போல் இரண்டு மடங்கு சாகசம் என்ற அந்த விகிதம், எந்த விமர்சகரும் சொல்லக்கூடியதைவிடத் தெளிவாக ஓர் உண்மையைச் சொல்கிறது: தொடங்குபவருக்கு விதியைவிட நிலைமைகள்தான் பற்றாக்குறை. யார் காணாமல் போனார், குகைக்குள் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும், ஆடுபவர்கள் சண்டையைத் தவிர்த்துப் பேரம் பேசினால் என்ன ஆகும் என்பவை எந்த விதித்தொகுப்பிலும் இல்லை. இலவசத் தொகுப்பை எடுத்துக்கொண்ட மாஸ்டர் அந்த 64 பக்கத்தையும் தானே எழுத வேண்டும், ஐந்து தாள்களையும் தானே நிரப்ப வேண்டும், 400 பக்கத்தில் எந்த முப்பது பக்கம் முதல் நாளுக்குப் போதும் என்றும் தானே கண்டுபிடிக்க வேண்டும். மிச்சமான 20 டாலருக்கு ஈடாக அவர் கொடுப்பது பல மாலைப்பொழுதுகள். சும்மா கிடைத்தது என்று மற்ற நால்வரும் மகிழ்வது அந்த மாலைகளைக் கணக்கில் எடுக்காததால்தான்.

முழு இலவசங்களில் சிறந்தவை இந்தப் பள்ளத்தை வெவ்வேறு விதங்களில் நிரப்புகின்றன. பேசிக் ஃபேன்டசி, விதிநூலோடு சாகச நூல்களையும் இலவசமாகவே தருகிறது. ஒரு கோட்டையும் அதைச் சுற்றிய நிலப்பரப்பும் கொண்ட ‘மோர்கன்ஸ்ஃபோர்ட்’ நூலை வைத்துக்கொண்டு ஒரு குழு பல வாரங்கள் ஆடலாம். அயர்ன்ஸ்வோர்ன் வேறொரு பாதையில் போகிறது. அதில் மாஸ்டரே கட்டாயமில்லை. தனியாகவும் ஆடலாம், எல்லோரும் சமமாகக் கூடியும் ஆடலாம். அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்விக்குப் பகடையும் ‘ஆரக்கிள்’ எனப்படும் அட்டவணைகளும் விடையின் விதையைத் தருகின்றன, அதை வளர்த்தெடுப்பது ஆடுபவர்களின் வேலை. ஒருவர் தலையில் விழுந்திருந்த கற்பனைச் சுமை இதனால் எல்லோருக்கும் பிரிகிறது. ஜான் ஹார்ப்பரின் ‘லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்’ ஒரே ஒரு பக்கம்தான். மாந்தருக்கு இரண்டிலிருந்து ஐந்துக்குள் ஒரே ஓர் எண், உருட்டுவதற்குச் சாதாரண ஆறுமுகப் பகடை. அந்த ஒரு பக்கத்துக்குள்ளும் யார் எதிரி, அவர் என்ன செய்ய முயல்கிறார், நடந்தால் என்ன விபரீதம் என்று பகடை உருட்டிக் கதையைத் தொடங்கும் அட்டவணைக்கு ஹார்ப்பர் இடம் ஒதுக்கியிருக்கிறார். இடம் இவ்வளவு குறைவாக இருக்கும்போதும் வெட்டாமல் வைத்திருப்பது எதை என்று பார்த்தாலே, ஆட்டத்தை நடத்திப் பழகியவர் எதை அத்தியாவசியமாகக் கருதுகிறார் என்பது தெரிந்துவிடும்.

உழைப்பைக் குறைப்பது ஒருபுறம் இருக்க, இலவசத்துக்கே உரிய ஒரு வலிமையை இந்த விவாதங்களில் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. இலவச நூலின் பிரதி மேசையில் உள்ள எல்லோரிடமும் இருக்கும். 1979இல் வந்த மாஸ்டருக்கான நூலின் முன்னுரையில், இந்த நூலை வைத்திருக்கும் ஆட்டக்காரர் கௌரவமான சாவுக்குக்கூட அருகதையற்றவர் என்ற பொருளில் கைகாக்ஸ் எழுதியிருந்தார். வேடிக்கை கலந்த மிரட்டல்தான், ஆனாலும் அதற்குப் பின்னால் இருந்த ஏற்பாடு வேடிக்கை அல்ல. அறிவு மாஸ்டரிடம் குவிந்திருக்க வேண்டும், மற்றவர்கள் அவர் சொல்லைக் கேட்டு ஆட வேண்டும் என்பதே அந்த ஏற்பாடு. நூலின் விலையும் அதற்குத் துணை நின்றது, ஏனென்றால் வாங்கியவரிடம்தான் விதி இருந்தது. இலவச மின்னூல் இந்த வேலியை உடைக்கிறது. விதியில் சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் பார்க்கலாம். தன் மந்திரம் என்ன செய்யும் என்பதை ஆடுபவரே படித்துவைத்திருக்கலாம். அடுத்த மாதம் நான் நடத்துகிறேன் என்று இன்னொருவர் முன்வந்தால், புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. மாஸ்டர் பதவி ஒருவரிடமே தங்கிப்போனதற்கு நூல் அவரிடம் மட்டும் இருந்ததும் ஒரு காரணம். அந்தக் காரணத்தை இலவசம் ஒழித்துவிடுகிறது.

இரண்டாவது வலிமை மாற்றும் உரிமை. இங்கே விலையைவிட உரிமத்தின் வாசகம் முக்கியம் என்பதை 2023 உணர்த்தியது. அந்த ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில், 2000ஆம் ஆண்டின் திறந்த உரிமத்தைச் செல்லாததாக்கும் விசார்ட்ஸ் நிறுவனத்தின் புதிய வரைவு கசிந்தது. ஆண்டு வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டும் பதிப்பாளர்கள் பங்கு கட்ட வேண்டும் என்றும் அது சொன்னது. இருபதாண்டுக்கு மேலாக நம்பி எழுதியவர்கள் கொதித்தெழுந்தார்கள். நிறுவனம் நடத்திய கருத்தறிதலில் 15,000க்கும் மேற்பட்டோர் பதில் அளித்தார்கள். ஜனவரி 27ஆம் தேதி நிறுவனம் பின்வாங்கி, விதித்தொகுப்பு 5.1ஐத் திரும்பப் பெற முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. பேசிக் ஃபேன்டசி அதே ஆண்டில் தன் நான்காம் பதிப்பிலிருந்து பழைய உரிமத்தின் பகுதிகளை நீக்கிவிட்டுக் கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாறியது. இன்றைக்கு இலவசம் என்பதும் என்றைக்கும் இலவசம் என்பதும் ஒன்றல்ல என்ற பாடத்தைச் சிறு பதிப்பாளர்கள் அப்போது கற்றார்கள். இதில் தமிழ் வாசகருக்கும் நேரடியாக ஒரு பயன் உண்டு. விதித்தொகுப்பு 5.1இன் உரிமத்தின்படி மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டால், யாரிடமும் அனுமதி கேட்காமல் அந்த விதிகளைத் தமிழாக்கலாம், சுருக்கலாம், கதைக்களத்தை மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆங்கில விதிநூலை ஒருவர் மட்டுமே படிக்கும் குழுவில் அறிவு மறுபடியும் ஒருவரிடமே குவியும். ஆகவே நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கம்கூட மேசையின் அதிகாரத்தைப் பிரித்துக் கொடுக்கும்.

பகடை முதலிய பொருள்களில் சிக்கனம் எளிது, ஆனால் ஓரிடத்தில் மட்டும் கவனம் வேண்டும். 1979 வாக்கில் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது டன்ஜன்ஸை அப்போது வெளியிட்ட நிறுவனமே தன் தொடக்கப் பெட்டியில் பகடைக்குப் பதிலாக எண்ணிட்ட அட்டைச் சீட்டுகளை வைத்து விற்றது. ஒன்றிலிருந்து இருபது வரை எழுதிய சீட்டுகளை ஒரு டம்ளரில் போட்டு எடுத்தால் இருபது முகப் பகடையின் வேலை கச்சிதமாக நடக்கும், எடுத்த சீட்டைத் திரும்பப் போட மறக்கக் கூடாது, அவ்வளவுதான். நம் வீட்டுத் தாயக்கட்டை ஒன்று, வெற்று முகத்தை நான்காகக் கொண்டால், நான்கு முகப் பகடையாகிவிடும். ஃபேட் ஆட்டத்தின் சிறப்புப் பகடைக்கு மாற்றாகச் சாதாரணப் பகடையில் ஒன்று, இரண்டு வந்தால் கழித்தல், மூன்று, நான்கு வந்தால் பூச்சியம், ஐந்து, ஆறு வந்தால் கூட்டல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இருபது முகப் பகடை இல்லையென்று மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டிக்கொண்டால் ஆட்டமே வேறாகிவிடும். இருபது முகத்தில் 16 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு 25 சதவீதம். மூன்று பகடைக் கூட்டலில் அது 5 சதவீதத்துக்கும் குறைவு. கடினமான முயற்சி நாலில் ஒரு முறை பலிக்கும் என்று கணித்து எழுதிய சாகசம், இருபதில் ஒரு முறைகூடப் பலிக்காத சாகசமாகிவிடும். ஆடுபவர்கள் தங்கள் மாந்தர்கள் கையாலாகாதவர்கள் என்று சலித்துக்கொள்வார்கள், காரணம் யாருக்கும் தெரியாது. பொருளை மாற்றலாம், நிகழ்தகவை மாற்றினால் விதியை மாற்றியதாகவே பொருள்.

இந்த வாதத்துக்கு நான்கு மறுப்புகள் வரக்கூடும். முதலாவது, விலை கொடுத்து வாங்கும் நூல்களும் ஆட்டத்தை நடத்தக் கற்றுத்தருவதில்லையே என்பது. இதில் நியாயம் உண்டு. ஐந்தாம் பதிப்பின் 2014 மாஸ்டர் நூல், தொடங்குபவருக்கு வேண்டியதைச் சொல்லும் முன்பே அண்டங்களையும் கடவுள்களையும் படைப்பது பற்றிப் பேசப் புகுந்துவிடுகிறது என்ற குறை நியாயமானதுதான். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. விலைக்கும் கற்பிக்கும் திறனுக்கும் தொடர்பில்லை என்றால், விலையை வைத்து நூலைத் தேர்வது எந்தப் பக்கம் நின்றாலும் பிழைதான். 150 டாலர் நூலையும் இலவச நூலையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும், மேசைக்கு வரும் வரை எவ்வளவு வேலையை அது தானே செய்கிறது என்பதே அந்த அளவுகோல். அந்தச் சோதனையில் இலவசமான பேசிக் ஃபேன்டசி பல விலையுயர்ந்த நூல்களை வெல்லும், இலவசமான விதித்தொகுப்பு 20 டாலர் பெட்டியிடம் தோற்கும்.

இரண்டாவது மறுப்பு ஆழமானது. உலகத்தைப் படைப்பதும் வரைபடம் கீறுவதும் மாஸ்டருக்குச் சுமையல்ல, அதுவே அவருடைய ஆட்டம், விரும்பிச் செய்வதைச் செலவில் எழுதலாமா என்று கேட்கலாம். விரும்பிச் செய்பவருக்கு இது முற்றிலும் சரி. தனிமையில் ஒரு நாட்டையே கற்பனை செய்து மகிழ்பவர்கள் இந்த விளையாட்டின் முதல் நாளிலிருந்தே இருக்கிறார்கள். ஆனால் தயாரிப்பிலேயே இரண்டு வகை உண்டு. பாழடைந்த கோட்டைக்கு ஒரு வரலாறு யோசிப்பது படைப்பு. 400 பக்கத்தில் சிதறிக்கிடக்கும் எண்களைத் தேடி ஐந்து தாள்களில் நிரப்புவது எழுத்தர் வேலை. துண்டு இலவசம் பெருக்குவது பெரும்பாலும் இரண்டாவதை. மேலும், முதல் வகையை விரும்பாதவர் மாஸ்டராகவே தகுதியற்றவர் என்ற எண்ணம் இந்த மறுப்புக்குள் ஒளிந்திருக்கிறது. வேலைக்குப் போய்வந்து வாரத்தில் ஒரு மாலை மட்டுமே மிஞ்சுபவருக்கும் ஆட்டத்தை நடத்தும் ஆசை இருக்கலாம். சிக்கன வழி என்று சொல்லிவிட்டு, நேரம் மிகுந்தவருக்கு மட்டும் கதவைத் திறந்துவைப்பது சிக்கனத்தின் நோக்கத்துக்கே எதிரானது, ஏனென்றால் பணம் இல்லாதவர்களில் பலருக்கு நேரமும் இருப்பதில்லை.

மூன்றாவது மறுப்பு அறம் சார்ந்தது. எல்லாம் இலவசமென்றால் விதி எழுதுபவர் எப்படிப் பிழைப்பார்? இந்தத் துறையில் எழுத்தாளர்களுக்கான ஊதியம் பொதுவாகவே மெலிந்தது, இலவசம் அதை இன்னும் அழுத்தும் என்ற அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால் ஃபேட், கெய்ர்ன் போன்றவற்றை வெளியிட்டவர்கள் விதியின் வாசகத்தை இலவசமாக்கிவிட்டு, அச்சுநூலையும் துணைநூல்களையும் விற்கிறார்கள். ஃபேட்டின் புதிய பதிப்புக்காக 2013இல் முடிந்த கூட்டு நிதித் திரட்டலில் நான்கு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. விரும்பிய விலையைத் தாருங்கள் என்ற ஏற்பாட்டில் மின்னூலை வைப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த வழி எல்லோருக்கும் சோறு போடும் என்று சொல்ல முடியாது, ஏற்கெனவே பெயர் பெற்றவர்களுக்கே இது அதிகம் பலிக்கிறது. ஆகவே சிக்கனமாக ஆடும் குழுவுக்கு ஒரு கடமை உண்டு. விதி இலவசமாகக் கிடைத்ததால் மிச்சமான காசில் ஒரு பகுதியையாவது அதே எழுத்தாளரின் சாகச நூலுக்குக் கொடுப்பது தர்மம் மட்டுமல்ல, புத்திசாலித்தனமும்கூட. தொடக்கப் பெட்டியின் பக்கக் கணக்கு காட்டியதுபோல், குழுவுக்கு அதிகம் உதவப் போவதும் அதுவே.

நான்காவது மறுப்பை முழுவதும் வெல்ல முடியாது, வரம்பிட்டு ஏற்கத்தான் முடியும். சிறு விதிநூல் சொல்லாமல் விட்டதையெல்லாம் மாஸ்டரின் மதிப்பீடுதான் நிரப்ப வேண்டும், அது தேர்ந்தவருக்கே கைகூடும் என்கிறார்கள். கயிற்றில் தொங்கியபடி அம்பு விட்டால் என்ன கழிவு என்று பெரிய நூலில் ஒரு வரி இருக்கும், கெய்ர்னில் இருக்காது, அங்கே உடனடியாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பழைய பாணி ஆட்டங்களை ஆதரிப்பவர்கள் இதையே பெருமையாகச் சொல்கிறார்கள். மேத்யூ ஃபின்ச் 2008இல் இலவசமாக வெளியிட்ட சிறு வழிகாட்டியொன்று, விதியைத் தேடாமல் தீர்ப்பைச் சொல் என்பதை ஒரு கொள்கையாகவே வகுத்தது. ஆனால் தீர்ப்புச் சொல்பவருக்கு நிதானம் வேண்டும், கேட்பவர்களுக்கு நம்பிக்கை வேண்டும். இரண்டும் புதிய குழுவில் உடனே இருக்காது. யாருக்குச் சாதகமாகச் சொன்னார் என்ற மனத்தாங்கல் சிறு விதிநூலில்தான் அதிகம் முளைக்கும். இந்தக் குறைக்குப் பணம் மருந்தல்ல, ஏனென்றால் 400 பக்க நூலில் அந்த வரியைத் தேடிக் கண்டுபிடிப்பதும் தேர்ந்தவருக்கே வரும். சொல்லிய தீர்ப்புகளை ஒரு தாளில் குறித்துவைத்து அடுத்த முறையும் அதையே பின்பற்றுவது, சூழலைக் காட்டி எல்லோரும் வாதாட ஒரு நிமிடம் கொடுப்பது போன்ற பழக்கங்கள் ஓரளவு உதவும். மீதியை அனுபவம்தான் தர வேண்டும்.

ஆக, இலவச விதிகளின் நிறையும் குறையும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. நூல் யாருக்கும் சொந்தமாக இல்லாததால், சுமையும் பெயரளவில் யாருடையதும் அல்ல. யாரும் எடுத்துக்கொள்ளாத சுமை வழக்கம்போல் மாஸ்டரிடமே போய்ச் சேர்கிறது. ஆனால் அதே காரணத்தால், அந்தச் சுமையைப் பிரித்துக்கொள்வதற்குத் தடையாக இருந்த விலையும் இரகசியமும் இல்லாமல் போயின. ஒருவர் சாகசத்தைப் படிக்கலாம், ஒருவர் கதைமாந்தர் தாள்களை நிரப்பலாம், ஒருவர் விதிச் சுருக்கத்தைத் தமிழில் எழுதலாம், சில வாரங்களுக்கு ஒருமுறை நடத்துபவரே மாறலாம். 150 டாலர் நூல்கள் ஒரே வீட்டு அலமாரியில் இருந்த காலத்தில் இப்படிப் பிரிப்பது கடினம், இன்று எளிது. தொடங்க நினைக்கும் குழு பிரபலமான ஆட்டத்தின் இலவசத் துண்டைத் தேடுவதைவிட, சாகசத்தோடு வரும் முழுமையான சிறு ஆட்டம் ஒன்றை எடுப்பது நல்லது. முதல் செலவைச் சாகசத்துக்குச் செய்ய வேண்டும், விதிநூலுக்கு அல்ல. உரிமம் நிலையானதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, எல்லோரும் விதியைப் படித்திருக்க வேண்டும் என்பதை மேசையின் முதல் விதியாக்க வேண்டும். நால்வர் படிக்காத இலவச நூல், ஒருவர் வாங்கிய விலையுயர்ந்த நூலைவிட எந்த வகையிலும் மலிவானதல்ல.